இரண்டரைக்கு மேல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பா மலேசியாவில் காப்பார் என்னும் ஊர்ப் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா அந்த ஆறாம் வகுப்பைக்கூட எட்டவில்லை. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. கணவர் இறந்த பிறகு கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, என் அறையில் இரண்டாவது கட்டிலைப் போட்டுக்கொண்டவர் அவர்.

இப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் படித்துவிட்டால் அவள் எல்லோருக்கும் வாயாகிவிடுகிறாள். எங்கள் ஆட்களுக்கு மலாய் தெரியாமல் இல்லை. பாசாரில் மீன் விலை பேசும் மலாய் எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் பேசும் மலாய் வேறு. அதனால் சித்தப்பாவின் சர்க்கரைக்கு, அம்மாவின் முழங்காலுக்கு, சித்தியின் தைராய்டுக்கு, பக்கத்து வீட்டு ஆன்டியின் கண்ணுக்கு என்று எல்லா அரசாங்கக் கிளினிக்கிலும் நான்தான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். சுபாங் ஜெயாவில் என் கல்லூரியில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். நான் கிள்ளானில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதிகம் போனது அத்தைக்காகத்தான். அவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரண்டும். தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"டாக்டர் என்ன சொன்னாரு அத்தை?"

"என்னமோ சொன்னாரு. நான் யா, யா-ன்னுட்டேன்."

"எதுக்கு யா?"

"அவரு நல்லா பேசுனாரு லா. எதுக்குப் போயி இல்லன்னு சொல்லணும், பாவம்."

ஒரு முறை வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. ஊசி போட ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர், ஒரு சீனப் பெண். எனக்குச் சந்தேகம். அத்தை அன்று தனியாக வந்து கிளினிக்கில்தான் என்னோடு சேர்ந்துகொண்டார். வெளியே பெஞ்சில் வைத்து விசாரித்தேன்.

"காலைல ஏதாச்சும் பசியாறுனீங்களா?"

"சத்தியமா இல்ல. ஒரு வாய் காப்பி குடிச்சிருந்தா கேளு."

"வர்ற வழியில எங்க நின்னீங்க?"

"கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமல."

"அங்க?"

"பஞ்சாமிர்தம் குடுத்தாங்க."

"எவ்ளோ?"

"கையில வாங்குற அளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு தடவ," என்றார்.

"அத்தை, அது வாழப்பழம், சீனி, தேனு."

"அது பிரசாதம் பாப்பா. சாப்பாடா அது?"

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேறொரு நாள் இரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி தள்ளிப் போனது. அன்றிலிருந்து நான் எங்கள் ஆட்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. "வாயில என்ன பட்டுச்சு?" என்றுதான் கேட்பேன். அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

மருத்துவமனைகளில் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு அந்த வேலையின் மேல் ஆசை வந்தது. உதவி மருத்துவ அதிகாரி. அவசரப் பிரிவுக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பவர், காயம் தைப்பவர், மாவுக்கட்டுப் போடுபவர். சின்னக் கிளினிக்குகளில் டாக்டர் வரும்வரை எல்லாமே அவர்தான். ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட் என்பதைச் சுருக்கி எங்கள் பெரியவர்கள் எச்.ஏ. என்பார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு டிரெசர் என்றால்தான் புரியும். அறிவியல் டிப்ளோமாவை முடித்துவிட்டு அந்தப் படிப்புக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வருகை எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பது எங்கள் கல்லூரி விதி. முதலாண்டின் முடிவில் இரண்டு பாடங்களில் என்னைத் தேர்வறைக்குள் விடவில்லை. இன்னொன்றில் எழுதித் தோற்றேன். மூன்றுக்கும் பூஜ்யம். நான்குக்குக் கணக்கிடும் மொத்தச் சராசரியில் என்னுடையது இரண்டைத் தொடாமல் நின்றது. நான் போக நினைத்த பயிற்சிக் கல்லூரி கேட்டது இரண்டரை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைத் தேற்றப் பார்த்தார். "நாலுக்கு ரெண்டு கிட்ட வந்துருச்சா? பரவால்ல லா, பாதி. நான் பாதி கூட படிக்கல."

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான மலாய் விரிவுரையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். வேலை இல்லை என்றேன். அப்புறம் வகுப்புக்கு வராமல் எங்கே போகிறாய்? மருத்துவமனைக்கு. உனக்கு என்ன நோய்? எனக்கு ஒன்றுமில்லை. வீட்டு ஆட்களுக்குத் துணையாக. அவர் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று பாடங்களையும் திரும்ப எடுக்கலாம். புதிய மதிப்பெண் பழைய பூஜ்யத்தின் இடத்தில் உட்காரும். மூன்றிலும் பி வாங்கினால் இரண்டரையைத் தாண்டலாம், அதுவும் மயிரிழையில். ஒன்றில் சறுக்கினாலும் முடிந்தது. ஒரு பாடத்தை ஒரு தடவைதான் திரும்ப எடுக்க விடுவார்கள்.

"உன்னால் முடியும். ஆனால் நீ இங்கே இருக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில்.

இனி யாரோடும் கிளினிக்குக்குப் போவதில்லை என்று முடிவு செய்து, சித்தப்பா வீட்டு விருந்தில் அதை அறிவித்தேன். சித்தப்பா லோரி ஓட்டுகிறவர். குரலும் லோரி மாதிரிதான். கோழிக்கறியைத் தட்டில் போட்டுக்கொண்டே, "வியாழக்கிழம எனக்குக் கண்ணு கிளினிக். நீ வந்துரு," என்றார்.

"முடியாது சித்தப்பா. இனிமே யாருக்கும் வரமாட்டேன். மூணு பேப்பர் திரும்ப எழுதணும்."

"பாத்தியா. டாக்டரம்மாவப் பாக்க இனிமே நம்பர் எடுத்துட்டு உக்காரணும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"டாக்டர் இல்ல. எச்.ஏ.-வுக்குப் போகப் போறேன்."

"டிரெசரா? பொம்பள டிரெசரா?" சித்தப்பா கறித் தட்டைக் கீழே வைத்தார். "எங்க தோட்டத்து டிரெசரு தலவலிக்கும் அதே தண்ணி மருந்து, வயித்து வலிக்கும் அதே தண்ணி மருந்துதான் குடுப்பாரு. அதுக்கா இவ்ளோ படிப்பு?"

அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். "அந்த டிரெசரு லயத்து வீடுங்க பக்கம் வந்தா நம்ம அப்பா எந்திரிச்சி நிப்பாரு. மறந்துட்டியாடா? பாப்பா வந்தா நீ எந்திரிச்சி நிக்கணும். இப்பவே பழகிக்க."

சித்தப்பா விளையாட்டாக நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "சலாம் டிரெசரம்மா," என்று உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பில் என் முடிவு எப்படியோ ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அத்தை அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். காலையில் இருவரும் கிள்ளானில் ஒரே ரயில் ஏறுவோம், பெண்கள் பெட்டியில். நான் சுபாங் ஜெயாவில் இறங்கிவிடுவேன். அவர் கோலாலம்பூர் சென்ட்ரல் வரை போவார். அதுவரை அவருக்குத்தான் நான் பாடம் ஒப்பிப்பேன். தமிழில் சொன்னால்தான் எனக்கே புரிந்ததா இல்லையா என்று தெரியும்.

"இன்னிக்கு என்ன?"

"இரைப்பை. சாப்பாட்ட அரைச்சி, கொஞ்சம் கொஞ்சமா கீழ அனுப்பும். சக்கர இருக்குறவங்களுக்கு அது மெதுவாயிரும்."

"என்னோடது எங்க அனுப்புது? நேத்து தின்னது இன்னும் இங்கதான் இருக்கு," என்று மார்புக்குக் கீழே தட்டிக் காட்டினார். எதிரே இருந்த இந்தோனேசியப் பெண் தன்னைத்தான் ஏதோ சொல்கிறோம் என்று நினைத்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் போகாததால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா தனியாகப் போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அம்மா முழங்காலுக்குப் பக்கத்து வீட்டு ஆன்டியோடு போனார். யாரும் சாகவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. இத்தனை நாள் நான் இல்லாவிட்டால் நடக்காது என்றல்லவா நினைத்திருந்தேன்.

இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதினேன். ஒன்றில் பி, ஒன்றில் பி பிளஸ். மீதி இருந்தது உடலியங்கியல்.

அந்த அரையாண்டில்தான் அத்தைக்கு வயிற்று வலி கூடியது. பித்தப்பையில் கல். சமையல்கட்டில் ஒரு தடவை அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டார் என்று கடையில் வேலை பார்த்தவர்கள் அழைத்துவந்து விட்டார்கள். எடுத்துவிட வேண்டும், ஆனால் வரிசை நீளம் என்றார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு அறுவைச் சிகிச்சைக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். அதற்கப்புறம் கல்லூரியில் தேர்வு அட்டவணை வந்தது. அதே நாள், அதே காலை.

தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். சொந்த நோய் என்றால் தள்ளிவைக்கலாம். தாய், தகப்பன், உடன்பிறந்தவர் மருத்துவமனையில் இருந்தாலும் தள்ளிவைக்கலாம். அத்தை அந்த விதிக்குள் இல்லை. "அவர் என் அறையில் படுக்கிறவர்," என்று சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி கனிவாகத்தான் தலையாட்டினார். விதி அசையவில்லை. எழுதாவிட்டால் அந்தப் பாடம் பூஜ்யமாகவே நிற்கும், இரண்டரை கிடையாது, பயிற்சிக் கல்லூரியும் கிடையாது.

ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"தள்ளிப் போட்டா திரும்ப எப்ப கூப்புடுவாங்க? இந்த வலிய நான் எங்க வச்சிக்கிறது? நீ போயி எழுது. உங்கம்மா வர்றா, உன் சித்தப்பன் வண்டி ஓட்டுறான். நான் என்ன சின்னப் புள்ளையா?"

படுக்கை இல்லாததால் முதல் நாளே சேர்க்காமல், அன்று காலை நேரே வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் மாலை நான் அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணும் கூடாது. தண்ணி கூட கூடாது."

"தெரியும் பாப்பா."

"யாராச்சும் எதாச்சும் கேட்டா யா-ன்னு சொல்லாதீங்க. வெளங்கலன்னா திரும்பக் கேளுங்க."

"சரி டாக்டர்."

"எச்.ஏ."

"சரி எச்.ஏ." வலி இல்லாத நேரம் அது. நன்றாகச் சிரித்தார்.

காலையில் நான் முதலில் கிளம்பிவிட்டேன். அத்தை குளித்து, ஈரத் தலையோடு சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டார். எனக்கு அவசரம், ரயில்.

நான் எழுதிய தேர்வுகளிலேயே நன்றாக எழுதியது அதுதான். ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும் பதில் தானாக வந்தது. ரயிலில் அத்தைக்குச் சொன்ன தமிழ் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கை அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தது. வெளியே வந்து பையிலிருந்து ஃபோனை எடுத்தேன். அம்மா, சித்தப்பா, அம்மா, சித்தப்பா என்று அழைப்புகள்.

"நீ கெளம்பி வா," என்றார் சித்தப்பா. அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "என்னமோ சொல்றாங்க. எனக்கு வெளங்கல."

ஓர் இளம் டாக்டர் எனக்கு விளக்கினார். மயக்க மருந்து கொடுத்தபோது வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டது. அறுவைச் சிகிச்சையை ஆரம்பிக்கவே இல்லை. தீவிரப் பிரிவில் இயந்திரம் மூச்சுவிட வைத்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது சாப்பிட்டாரா என்று இரண்டு முறை கேட்டோம், இல்லை என்று சொன்னார் என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை.

அம்மா பெஞ்சில், அத்தையின் செருப்பு இருந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா. காலைல அத்தை வாயில என்ன பட்டுச்சு?"

"ஒண்ணுமே இல்லடி. ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி கூட குடிக்கல. நானும் அவங்களுக்காகக் குடிக்கல."

"வர்ற வழியில?"

"கோயிலுக்குப் போனோம். அவங்க நட்சத்திரத்துக்கு அர்ச்சன பண்ணிட்டு."

அம்மாவே சொன்னார்.

"அபிஷேகப் பால் குடுத்தாரு ஐயரு. ஆபரேஷன்னு சொன்னோம்ல, நல்லபடியா நடக்கணும்னு ஒரு டம்ளரு நெறைய ஊத்திக் குடுத்தாரு. அது மட்டுந்தான்."

"நர்ஸ் கேட்டாங்களே. சொல்லலியா?"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "அது சாப்பாடா? சாமி பால்டி."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பால் வயிற்றுக்குச் சாப்பாடுதான் என்றார். தெரியும் என்றேன். சர்க்கரை இருப்பவருக்கு அது இறங்க இன்னும் நேரமாகும் என்றார். அதுவும் தெரியும் என்றேன். அந்தக் கேள்வி காலையில் தேர்வில் வரவில்லை. வந்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

வராந்தாவில் சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ கூட இருந்திருந்தா கேட்டுருப்ப," என்றார். அப்பா அப்போதுதான் கிடங்கிலிருந்து வந்திருந்தார், சட்டையில் தூசியோடு. "அவளுக்குப் பரீட்ச," என்றார். இருவரும் சொன்னது உண்மை.

இதை நான் பல விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்கூடக் கூடாது என்று சொன்னேன். கோயிலை மறந்துவிட்டேன், அல்லது கோயில் என் நினைவில் வரவேண்டிய இடத்தில் அன்று மாலை உடலியங்கியல் இருந்தது. ஆனால் அந்த மருத்துவமனையில் தினமும் எத்தனை பேருடைய அத்தைகள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள்? அவர்களிடம் கேட்க ஒரு மாணவிதான் கிடைப்பாளா, அவளும் தன் வகுப்பை விட்டுவிட்டு? என்னை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றுகிறவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறேன். அந்தப் பதிலைச் சொல்லும்போது என் குரல் மட்டும் ஏனோ உயர்ந்துவிடுகிறது.

அத்தை சாகவில்லை. வாயில் குழாய், பிறகு கழுத்தில் துளை போட்டு அதில் குழாய். காய்ச்சல் இறங்கும், ஏறும். பார்வையாளர் நேரத்தில் இருவர் இருவராக விடுவார்கள். நான் வகுப்பு முடிந்து நேரே போவேன். அந்த ரயிலில் யாருக்கும் பாடம் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

தேர்வு முடிவு வந்தபோது அவர் இன்னும் தீவிரப் பிரிவில்தான் இருந்தார், ஆனால் கண் விழித்திருந்தார். உடலியங்கியலில் பி பிளஸ். மொத்தச் சராசரி இரண்டரைக்கு மேல் ஒரு துளி. உள்ளே போனபோது சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்து அத்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தையின் காதருகில் குனிந்து, "இரண்டரைக்கு மேல வந்துருச்சி அத்தை," என்றேன்.

அவரால் பேச முடியாது. கழுத்துக் குழாய் கரகரத்தது. கண்கள் என்னைவிட்டுச் சித்தப்பாவிடம் போயின. கட்டிலில் கிடந்த கை மெல்லத் திரும்பி, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு தடவை உயர்ந்தது. இன்னொரு தடவை. தண்ணீர் கேட்கிறார் போலிருக்கிறது என்று நான் நர்ஸைத் தேடினேன். சித்தப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. முக்காலியிலிருந்து எழுந்து நின்றார், நேராக, கைகளைப் பக்கவாட்டில் வைத்து. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அத்தை கையைக் கீழே போட்டார்.

வீட்டுக்கு வரும்போது அத்தை பாதியாகியிருந்தார். இப்போது அவருடைய கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆக்சிஜன் இயந்திரம் இருக்கிறது; பகலெல்லாம் பழைய ஃபிரிட்ஜ் போல உறுமுகிறது. குளியலறைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். பித்தப்பைக் கல் உள்ளேயேதான் இருக்கிறது. இந்த நுரையீரல் இன்னொரு மயக்க மருந்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். வலி வரும் நாட்களில் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டே படித்தேன். டிப்ளோமா முடிந்துவிட்டது; இனி படிக்க வேண்டியிருந்தது பயிற்சிக் கல்லூரியின் நேர்காணலுக்குத்தான்.

பார்க்க வருகிறவர்களிடம் அத்தை ஒரு கதை சொல்கிறார். கழுத்துத் துளை மூடிவிட்டது, குரல் மட்டும் உமி போல ஆகிவிட்டது.

"நான் போயிருக்க வேண்டியவ. அன்னிக்குக் காலைல சாமி பால் ஒரு டம்ளரு உள்ள போச்சி பாரு, அதுதான் என்னை இழுத்துப் புடிச்சி வச்சிருச்சி. அது மட்டும் இல்லன்னா முடிஞ்சிருக்கும்."

வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். அதிலிருந்து அம்மா அந்தக் கோயிலுக்குப் போகிறார், பால் வாங்குவதில்லை. அத்தையிடம் நான் சொல்லவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை நான் இயந்திரத்தின் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். சரிபார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

நேர்காணல் கோலாலம்பூரில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த தலை, வாழ்நாள் முழுக்க அவசரப் பிரிவில் இருந்தவர் என்று சொன்னார்கள். என் மதிப்பெண்களைப் பார்த்து, முதலாண்டு இவ்வளவு மோசம், அப்புறம் திடீரென்று ஏறியிருக்கிறதே, என்ன மாற்றினாய் என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பதில். அதைச் சொல்லவில்லை.

"முதலாண்டில் என் குடும்பத்தினர் எல்லோரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்," என்றேன். "பிறகு நிறுத்திவிட்டேன்."

அவர் தொடர்ந்து கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் பாலைப் பற்றிச் சொல்லியிருப்பேன். இங்கே வரும் எங்கள் ஆட்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

"நல்லது," என்றார். "எதற்கு முதலிடம் என்று தெரிந்திருக்கிறது. இந்த வேலைக்கு அது முக்கியம்." பக்கத்தில் இருந்த பெண்மணியும் தலையசைத்தார்.

நன்றி என்றேன்.

வெளியே வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போனேன். அத்தை வேலை பார்த்த கடையில் மதியக் கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து வேலை பார்க்கும் ஓர் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு முன்னால் இலையைப் போட்டுவிட்டு, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். "அவங்க இல்லாம வெங்காயம் உரிக்க ஆளே சரியில்லங்க. நாங்கல்லாம் அழுதுகிட்டே உரிக்கிறோம். அவங்க கத பேசிகிட்டே ஒரு மூட்டைய முடிச்சிருவாங்க. எங்க வீட்டு டாக்டரு, எங்க வீட்டு டாக்டருன்னு உங்க கததான்."

"டாக்டர் இல்லண்ணே. எச்.ஏ."

"அதான், அதான்." அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. "வருவாங்கல்ல?"

"வருவாங்க," என்றேன். போகும்போது அத்தைக்கென்று ஒரு பொட்டலம் ரசம் கட்டிக் கொடுத்தார். ரயிலில் அது சூடாக என் மடியில் இருந்தது.

இடம் கிடைத்தது. அப்பா கிடங்கில் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாராம். சித்தப்பா வீட்டுக்கு வந்து, உட்காராமலேயே பேசிவிட்டுப் போனார். விளையாட்டாகச் செய்தாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை.

புதிய கல்லூரியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: வருகை குறைந்தால் தேர்வு இல்லை. முதல் வகுப்பு புதன்கிழமை. அத்தைக்கு நெஞ்சு கிளினிக்கும் புதன்கிழமை.

அன்று காலை நான் பையை மாட்டிக்கொண்டபோது அத்தை கட்டிலில் கால் தொங்கப் போட்டு, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். வெள்ளை மேலங்கியை நான் கையில் மடித்து வைத்திருந்தேன். போட்டுக் காட்டு என்றார். போட்டுக் காட்டினேன். தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்து, பெருசா இருக்கு, பிடிச்சித் தைக்கணும் என்றார்.

"டாக்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க? மூச்சு எப்ப எப்ப வாங்குது, எவ்ளோ தூரம் நடக்க முடியுது. அம்மா, நீங்களும் கேட்டுக்குங்க."

"எல்லாம் தெரியும். நீ போ, ரயிலு வந்துரும்," என்றார் அத்தை. அந்த உமிக் குரலில் சிரித்தார். "நான் யா, யா-ன்னு சொல்லிக்கிறேன்."

நான் மேலங்கியைக் கழற்றிப் பையில் வைத்தேன். அம்மாவிடம் இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னேன், மெதுவாக, ஒவ்வொன்றாக. பிறகு படியிறங்கினேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் இருந்தது.